வலி மாத்திரையை விடும்போது வரும் மூன்றாம் நாள்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வயது 44. மூன்று ஆண்டுகளுக்கு முன் உதவியாளர் விடுப்பில் இருந்த ஒரு நாளில் அரிசி மூட்டையை நகர்த்தப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. டிஸ்க் விலகியிருப்பதாகச் சொல்லி, டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைப் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது முடிந்த பிறகும் அதே சீட்டைக் காட்டி வாங்கி வந்தேன். நாளைக்கு இரண்டாக இருந்தது இப்போது ஆறு ஆகிவிட்டது. தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5 ஒன்றும் போடுகிறேன். பொங்கல் விடுமுறையில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை அடியோடு நிறுத்திப் பார்த்தேன். முதல் நாள் கொட்டாவியும் மூக்கொழுகலும். மறுநாள் வயிற்றுப்போக்கு, வியர்வை, கால் குடைச்சல். மூன்றாம் நாள் இரவு தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டியது. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்து இரண்டு மாத்திரை போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இப்போது மருந்துக்கடையில் புதிய சீட்டு கேட்கிறார்கள். நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா? பெங்களூரு பக்கம் ஒரு வாரத்தில் சுத்தம் செய்து அனுப்பிவிடுவார்கள் என்கிறார்களே, போகலாமா? அந்த நாட்களை எப்படித் தாங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கும் அந்த மூன்று நாள் விவரம்தான் ஒரு மனநல மருத்துவருக்கு மிகவும் பயன்படும் பகுதி. எந்த நாளில் எது வந்தது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. அந்த விவரத்தை வைத்தே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

டிரமடால் அபினி வகையைச் சேர்ந்த வலிநிவாரணி. அந்த வகை மருந்து எதுவானாலும் வாரக்கணக்கில் தொடர்ந்து உடம்புக்குள் போனால், உடம்பு அதைக் கணக்கில் வைத்துத் தன் வேலைகளை மாற்றி அமைத்துக்கொள்கிறது. மூளையின் அடித்தண்டில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. நம்மை விழிப்பாகவும் பரபரப்பாகவும் வைத்திருப்பது அவற்றின் வேலை. மாத்திரை நாள்தோறும் அவற்றை அமுக்கி வைப்பதால், அந்த அமுக்கத்தையும் மீறி வேலை நடக்க வேண்டும் என்று அவை தங்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகின்றன. மாத்திரையைத் திடீரென்று எடுத்துவிட்டால், மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த அந்த வேகம் தடுப்பார் இல்லாமல் வெளியே வருகிறது. வியர்வை, படபடப்பு, மயிர்க்கூச்செறிதல், தூக்கமின்மை எல்லாம் அங்கிருந்து வருபவைதான். குடலிலும் இதே கதை. இவ்வளவு காலம் உங்களுக்கு மலச்சிக்கல் இருந்திருக்க வேண்டும், நீங்கள் எழுதவில்லை. அமுங்கிக் கிடந்த குடல் மருந்து நின்றதும் வேகமாக இயங்குவதுதான் அந்த வயிற்றுப்போக்கு.

2017 நவம்பரில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணையின் மதகு ஒன்று உடைந்தது உங்கள் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. அதே தென்பெண்ணை நீரை மதகைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தித் திறந்துவிட்டால் கரையோரத்தில் யாரும் பயப்படுவதில்லை. நீங்கள் இரண்டு முறையும் செய்தது மதகை உடைத்த வேலை. உங்களுக்கு மன உறுதி இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை; வழி தவறு, அவ்வளவுதான்.

தலைக்குள் மின்சாரம் வெட்டுவது, அபினி வகை மருந்துகள் பெரும்பாலானவற்றில் இல்லாத, டிரமடாலின் ஒரு தனிக் குணம். இந்த மருந்து அபினி வகை வேலையை மட்டும் செய்வதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைப் போல, செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டு மூளை வேதிப்பொருட்களையும் நரம்பு முனைகளில் அதிக நேரம் தங்கவைக்கும் வேலையையும் செய்கிறது. ஆகவே இதை நிறுத்தும்போது இரண்டு வகை விலகல் அறிகுறிகள், அதாவது மருந்து நின்றதால் வரும் தொல்லைகள், ஒன்றாக வருகின்றன. கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை முதல் வகை. மின்வெட்டு உணர்வு, கை கால் மரமரப்பு, காரணமில்லாத திகில், சிலருக்கு இல்லாத உருவம் தெரிவது ஆகியவை இரண்டாம் வகை. அந்த இரண்டாம் வகையைப் பார்த்து மந்திரிக்க அழைத்துப்போன பிறகு என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு; உங்கள் வீட்டில் அந்த யோசனை எழுந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். பைத்தியம் பிடிப்பதன் அறிகுறி அல்ல அது. மருந்து வெளியேறுவதன் அறிகுறி.

இதற்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. கடைசி மாத்திரைக்குப் பிறகு சுமார் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தொல்லைகள் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கத் தொடங்கி, உடல் தொல்லைகளில் பெரும்பகுதி ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். தூக்கக் குறைவும், எதிலும் பிடிப்பில்லாத சப்பென்ற மனநிலையும் மட்டும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் நீளும். நீங்கள் இரண்டு முறையும் மாத்திரையைத் திரும்ப எடுத்தது உச்சத்தில் இருந்தபோது. எடுத்ததும் எல்லாம் அடங்கியதால், மாத்திரை இல்லாமல் இடுப்பு வலி தாங்காது என்றுகூட உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த மூன்றாம் நாள் இடுப்பும் வலித்திருந்தால், அதில் பழைய டிஸ்க்கின் பங்கு எவ்வளவு, மருந்து நின்றதால் வந்த பங்கு எவ்வளவு என்பதை அந்த இரவில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீண்ட காலம் அபினி வகை மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு வலியை உணரும் நரம்புகளே கூர்மையாகிவிடுவதும் உண்டு.

இனி, நீங்கள் அடிமையா என்ற கேள்வி. உடல் ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு. அந்த மருந்துக்காகப் பொய் சொல்லி, வேலையை விட்டு, கேடு வருவது தெரிந்தும் அதையே தேடி அலைவது வேறு. முதலாவது யாருக்கும் வரும். மருத்துவர் சொன்ன அளவைத் துளியும் மீறாதவருக்கும் வரும். உங்கள் கடிதத்தில் முதலாவது நிச்சயமாக இருக்கிறது. இரண்டாவதன் சாயல் கொஞ்சம் இருக்கிறதா என்பதை நேரில் பேசித்தான் சொல்ல வேண்டும். இரண்டு ஆறானதும், பழைய சீட்டில் வாங்கியதும் கவனிக்க வேண்டியவை. எதுவாக இருந்தாலும் இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, இரண்டிலும் முதல் படி ஒன்றே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்து நாளுக்கு எழுதிய சீட்டில் ‘பிறகு எப்படி நிறுத்துவது’ என்று ஒரு வரி சேர்க்காதது எங்கள் தொழிலின் குறை. அதை உங்கள் குறையாகச் சுமக்க வேண்டாம்.

கடைக்காரர் புதிய சீட்டு கேட்டது சரியே. 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது; பழைய சீட்டை வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுப்பது அவருக்கு ஆபத்து. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை உங்களுக்காக வாங்கிச் சாப்பிடுவது குற்றமாகாது. சிகிச்சைக்குப் போனால் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும் என்று தயங்குகிறீர்கள் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை சார்ந்த சிகிச்சைக்கும் பொருந்தும். உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது அந்தச் சட்டப்படி எங்கள் கடமை.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை ஒன்றில் டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் இருக்கின்றன. ஆறு என்றால் 225 மில்லிகிராம் டிரமடால், 1950 மில்லிகிராம் பாராசிட்டமால். டிரமடாலுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டும்போது வலிப்பு வரும் ஆபத்து ஏறுகிறது, அதற்குக் கீழேயும் சிலருக்கு வந்திருக்கிறது. காய்ச்சல் என்று தனியாகப் பாராசிட்டமால் போடும்போது உள்ளே ஏற்கெனவே கிட்டத்தட்ட 2 கிராம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அளவு மீறினால் ஈரல் தாங்காது.

ஓராண்டுக்கு மேல் இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்கு, மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது பெரும்பாலானவர்களுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கும் என்று 2022இல் வெளியான அமெரிக்க அரசு வழிகாட்டி சொல்கிறது. அதற்கு முன்பே, 2019 ஏப்ரலில், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்குக் கடும் விலகல் தொல்லை வந்திருக்கிறது, தற்கொலை எண்ணம்வரை போயிருக்கிறது என்று எச்சரித்தது. உங்கள் விஷயத்தில் இது எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் மாற்றினால் அவர் சொல்வதே சரி. ஆறிலிருந்து ஐந்தரை, அதில் இரண்டிலிருந்து நான்கு வாரம் நிலைத்து நிற்பது, பிறகு ஐந்து. இப்படி அரை அரையாகப் பன்னிரண்டு படிகள் இறங்கினால், வேகமாகப் போனால் ஆறு மாதம், மெதுவாகப் போனால் ஓராண்டு. மெதுவாக இறக்கும் வகை மாத்திரையாக இருந்தால் அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே உடைப்பதற்கு முன் மருந்தாளுநரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

இதில் பலரும் இடறி விழும் இடம் கடைசியில்தான் இருக்கிறது. ஆறில் அரை குறைப்பது நூற்றுக்கு எட்டுப் பங்கு. ஒன்றில் அரை குறைப்பது பாதிக்குப் பாதி. கண்ணுக்கு அதே அரை மாத்திரை, உடம்புக்கு அது ஆறு மடங்கு பெரிய இறக்கம். ‘ஒன்றுதானே இருக்கிறது, விட்டுவிடலாம்’ என்று அந்த இடத்தில் அவசரப்பட்டு, முதல் ஐந்து மாத உழைப்பையும் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிப்பகுதியில் இன்னும் மெதுவாக இறங்குங்கள். ஒரு படியில் மிகவும் கஷ்டமாக இருந்தால் அங்கேயே இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள். மேலே ஏற வேண்டாம். ஒவ்வொரு புதிய குறைப்பையும் வெள்ளிக்கிழமை தொடங்கினால், கூடுதலாகத் தெரியும் நாட்கள் சனி ஞாயிறில் விழும். திங்கட்கிழமை பள்ளியில் அரிசி அளக்கும்போது அதன் உச்சம் கடந்திருக்கும். முதலில் மதிய வேளையைக் குறைத்துவிட்டு, காலையும் இரவும் கடைசிவரை இருக்கட்டும்.

இப்படி இறங்கினாலும் தொல்லையே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். குறையும், தாங்கும் அளவுக்குள் வரும். கால் குடைச்சலுக்கு வெந்நீர்க் குளியலும், கெண்டைக்கால் தசையை இழுத்துவிடுவதும், எழுந்து வாசலில் பத்து நிமிடம் நடப்பதும் படுத்துப் புரள்வதைவிட நல்ல பலன் தரும். வயிற்றுப்போக்கு இருந்தால் முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. நம் பக்கத்து ராகிக் கூழில் மோரும் உப்பும் கலந்து அவ்வப்போது சிறிது சிறிதாகக் குடிப்பது, சோறு இறங்காத நாட்களுக்கு ஏற்ற உணவு. களியை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். காபியை மதியத்துக்குப் பிறகு நிறுத்துங்கள். ஏற்கெனவே துள்ளும் நரம்பை அது இன்னும் தூண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை மருத்துவர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் போடாதீர்கள்: அதுவும் அபினி வகையின் தூரத்து உறவுதான், விலகல் தொல்லை அடங்கட்டும் என்று அள்ளிப் போட்டவர்களுக்கு இதயத் துடிப்பே தடுமாறியிருக்கிறது. தூக்கத்துக்குக் கசகசாப் பால் காய்ச்சித் தரும் அன்பான உறவினர் யாராவது இருப்பார். குழம்புக்கு அரைக்கும் அளவில் கசகசாவால் கெடுதி இல்லை. கைப்பிடி கைப்பிடியாக ஊறவைத்துக் குடிப்பது மட்டும் வேண்டாம். அது அபினிச் செடியின் விதை, கழுவாத விதையின் மேல் அபினியில் உள்ள மார்பின் என்ற பொருள் ஒட்டியிருக்கலாம். நீங்கள் விட முயல்வதையே வேறு வாசல் வழியாக உள்ளே விடுவதாகிவிடும்.

வீட்டு முறைகள் போதாதபோது மருத்துவர் கொடுக்கக்கூடியவை இருக்கின்றன. குளோனிடின் என்ற மாத்திரை, நான் மேலே சொன்ன நார்அட்ரினலின் வேகத்தைத் தணிக்கும். வியர்வையும் படபடப்பும் உடல் முறுக்கலும் நன்றாகக் குறையும். ஆனால் அது ரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால், அழுத்தத்தை அளந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், தானாக வாங்கிப் போடக்கூடாது. குறைக்கவே முடியாமல் திரும்பத் திரும்பப் பழைய அளவுக்கே போய்விடுபவர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் உண்டு. விலகல் தொல்லை தொடங்கிய பிறகுதான் அதன் முதல் மாத்திரை, அதற்கு முன் கொடுத்தால் அதுவே தொல்லையை வரவழைத்துவிடும். உங்களுக்கு அது தேவைப்படும் என்று இப்போதைக்கு எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தில் டிரமடாலைவிட எனக்குக் கவலை தந்த சொல் அல்பிரசோலம். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இரண்டும் சேரும்போது மூச்சு மந்தமாகும். மது மூன்றாவதாகச் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். அதற்காக அல்பிரசோலத்தை இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாள்தோறும் எடுத்த அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டிரமடாலும் வலிப்பைத் தூண்டக்கூடியது. இரண்டையும் ஒரே நேரத்தில் குறைப்பதும் வேண்டாம். பெரும்பாலும் நான் டிரமடாலை முதலில் குறைத்து, அது முடிந்து ஒரு மாதம் உறக்கம் நிலைப்பட்ட பிறகே அல்பிரசோலத்தில் கை வைப்பேன். மனச்சோர்வுக்கான மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலவற்றோடு டிரமடால் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி, காய்ச்சலும் நடுக்கமும் குழப்பமும் வரும்.

பெங்களூருவில் ஒரு வாரத்தில் சுத்தம் செய்வது பற்றி. உடம்பிலிருந்து மருந்தை ஒரு வாரத்தில் வெளியேற்றிவிட முடியும், அதில் சந்தேகம் இல்லை. எட்டாம் நாள் நீங்கள் வீட்டுக்கு வரும்போது இடுப்பு வலியும் தூக்கமின்மையும் உங்களோடு பேருந்தில் ஏறி வரும், அவற்றுக்கு யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். அதைவிட முக்கியமானது, மருந்து நின்ற சில நாட்களிலேயே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. நேற்றுவரை சாதாரணமாக இருந்த அளவு அப்போது அதிக அளவாகிவிடும். வலி தாங்காத ஒரு இரவில் பழைய நினைப்பில் பழைய அளவை, அதுவும் அல்பிரசோலத்தோடு, போட்டவர்கள்தான் பெரும்பாலும் மூச்சடங்கி வருகிறார்கள். அது உங்களுக்கும், உங்களோடு இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரு போகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனம் இருக்கிறது, போதை சார்ந்த சிகிச்சைக்கென்றே அங்கு தனிப் பிரிவு உண்டு. ஆனால் உங்கள் ஊரிலிருந்து கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மறுபக்கம் தருமபுரியில் இருப்பதும் எட்டும் தூரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டிய சிகிச்சைக்கு அருகில் இருப்பதே நல்லது. அங்கே மனநலப் பிரிவில் கேளுங்கள். ‘மனநலம்’ என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். அதே நாளில் எலும்பு மருத்துவரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் பார்த்துவிடுங்கள். மாத்திரை குறையக் குறைய இடுப்பைத் தாங்க முதுகுத் தசைகள் வலுப்பட வேண்டும். நாள்தோறும் அரை மணி நடையும் அவர்கள் சொல்லித்தரும் பயிற்சியும் முதல் மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும், கடைசி மாத்திரை முடிந்த பிறகல்ல. மூட்டையை இனி நீங்கள் தொட வேண்டாம்.

வலிப்பு, ஆளைத் தெரியாத குழப்பம், நெஞ்சு வலி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மெதுவாகி இடைவெளி விழும் மூச்சு, எதுவும் தங்காத வாந்தியோடு சிறுநீர் வற்றிப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், எந்த நேரமானாலும் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம். போதைப் பழக்கம் சார்ந்த வழிகாட்டுதலுக்கு 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. இதே மாத்திரையை எடுக்கும் கர்ப்பிணி யாராவது உங்கள் அறிமுகத்தில் இருந்தால், அவர் தானாக நிறுத்தவே கூடாது என்று சொல்லுங்கள். திடீர் நிறுத்தம் கருவுக்கே ஆபத்து.

குறைப்பு தொடங்கியதும் மாத்திரைகளை நீங்கள் வைத்திருக்காமல் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, அன்றைக்கு அன்றையதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாக ஒன்று போட்டுவிட்டால், அதை மறைக்காமல் நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் அதே படியில் தொடருங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது காலி அட்டைகள், பழைய சீட்டு, ஸ்கேன் அறிக்கை, எனக்கு எழுதிய அந்த மூன்று நாள் விவரம் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். கையில் இருக்கும் மாத்திரைகளை இன்றிரவு எண்ணிப் பாருங்கள். எத்தனை நாளுக்கு வரும் என்று தெரிந்தால், அதற்குள் எந்தக் கிழமை போவது என்று முடிவு செய்துவிடலாம். அதுவரை இப்போது எடுக்கும் ஆறைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.